அழையாமல் வந்த நொதி

துறைமுக ஊரான பாயியா பிளாங்காவில் காற்றைத் திட்டாமல் ஒரு நாளைக் கழிக்கிறவர் யாரும் கிடையாது, இர்மா சுபெல்தியாவைத் தவிர. அவருக்குத் திட்டுவதற்கு எத்கார்தோ லாஸ்திரி இருந்தார். காற்றுக்கு நேரம் மிஞ்சவில்லை.

இர்மா என்ன வேலை பார்க்கிறார் என்று புதிதாய்ப் பழகியவர்கள் கேட்டால், “மாட்டு மூளை” என்பார். கேட்டவர்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். திருப்பாமல் மேற்கொண்டு கேட்கும் அப்பாவி ஒருவர் மாட்டிக்கொண்டால், அவர் கையில் இருக்கிற காப்பி ஆறி அவலாகிவிடும். நரம்பின் முனையில் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் இருக்கின்றன. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சொல்ல வேண்டிய சேதியெல்லாம் அந்தக் குமிழ்களுக்குள்தான் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. குமிழின் தோல் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். அதில் ஒரு வாலை மட்டும் நறுக்கென்று வெட்டிவிடுகிற நொதி ஒன்று இருக்கிறது. அந்த நொதி குமிழின் தோலிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறது என்பது இர்மாவின் கட்சி. இருபது வருடமாக அதே கட்சி. ஊரில் அரசாங்கங்கள் மாறின, நோட்டில் சைபர்கள் ஏறின, இறங்கின. இர்மா கட்சி மாறவில்லை.

எதிர்க்கட்சி அதே ஆய்வகத்தில், அடுத்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தது. லாஸ்திரிக்கும் இர்மா வயதுதான். அதே குமிழ்கள், அதே நொதி, ஆனால் எலி மூளை. எலி மூளைக் குமிழில் அந்த நொதி இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் இல்லை.

“உன் மாட்டுல இருக்கு, என் எலில இல்ல. அப்போ அவன் வீட்டுக்காரன் இல்ல இர்மா. அழையா விருந்தாளி. பக்கத்துல எங்கேயோ கிடந்தவன், நீ மூளைய அரைக்கிறப்போ வந்து ஒட்டிக்கிட்டான்.”

“எலிக்கு மொதல்ல மூளைன்னு ஒண்ணு இருக்கணும். அப்புறம்தானே அதுல நொதி இருக்கறது.”

“மாட்டைப் பாத்து அறிவுக்கு உதாரணம் சொல்ற ஒரே பொம்பளை நீதான்.”

“உன்னைத் தினமும் பாக்குறேன் இல்ல. அதுக்கு மாடு தேவலாம்.”

இப்படியாக அறிவியல் வளர்ந்துகொண்டிருந்தது. வெளிநாட்டில் இரண்டு ஆய்வகங்கள் எலியில் தேடிப் பார்த்துவிட்டு, இர்மா சொன்னதைத் தங்களால் காண முடியவில்லை என்று மிகவும் மரியாதையாக எழுதின. அந்த மரியாதைதான் இர்மாவுக்குத் தாங்கவில்லை. லாஸ்திரி மாதிரி நேராகத் திட்டியிருந்தால் தூங்கியிருப்பார்.

ஒரு கோடைக்காலம் முழுக்க இருவரும் பேசாமல் இருந்ததும் உண்டு. ஆராய்ச்சியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஊர் கூடியிருக்கும் சபையில் எழுந்து நின்று லாஸ்திரி அந்த ‘அழையா விருந்தாளி’ வார்த்தையைச் சொல்லிவிட்டார். மேசைக்கு மேசை கிண்டலடிப்பது வேறு, சபையில் சொல்வது வேறு. இர்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோடையில்தான், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் ஓஸ்வால்தோ, ஒரு சனிக்கிழமை காலை காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. லாஸ்திரிக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்ததாம். இர்மாவின் சொந்தத் தங்கை வருவதற்கு முன்பே, மாட்டுக்கொழுப்பு பிஸ்கட் பையைக் கையில் பிடித்தபடியே அவர் வாசலில் நின்றார். அந்தப் பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அன்று முழுக்கச் சமையலறையில் நின்று வந்தவர்களுக்குக் காப்பி போட்டார், கோப்பை கழுவினார். இர்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்து இர்மா வேலைக்குத் திரும்பிய நாளில்தான் பேசினார்: “உன் நொதி இன்னமும் அழையா விருந்தாளிதான். அதுல எந்த மாற்றமும் இல்ல.” ஓஸ்வால்தோ போன பிறகு இர்மா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

இர்மாவுக்கு மூளை தருகிறவர் டான் அனிசெத்தோ; ‘டான்’ என்பது அங்கே மரியாதைக்குச் சொல்வது. ஊருக்கு வெளியே மாடு வெட்டும் கூடத்தில் மண்டை பிளப்பது அவர் வேலை. பெரிய மீசை, பெரிய கோடாலி, அதைவிடப் பெரிய ரோஷம். செவ்வாய்க்கிழமை காலையில் இர்மா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பார். அனிசெத்தோ சூடு ஆறாத மண்டைகளைத் திறந்து, மூளைகளை முழுசாக எடுத்து எனாமல் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடுவார். கையைக் கழுவுவார். பிறகு சுரைக்குடுவையில் மாதே இலையைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலைச் செருகுவார். மாதே வட்டம் ஆரம்பம். ஒரே குடுவை, ஒரே குழல், வெட்டுகிறவர், தோல் உரிக்கிறவர், கழுவுகிறவர், டாக்டரம்மா என்று சுற்றி வரும். மாதேயை மறுப்பது என்பது அவர் வீட்டுச் சோற்றைக் காலால் தள்ளுவது மாதிரி. ஒருமுறை ஒரு புது ஆராய்ச்சியாளர் அவசரம் என்று மறுத்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்குக் கிடைத்த மூளைகள் எல்லாம் கஞ்சி பதத்தில் இருந்தன. இர்மா மறுத்ததே இல்லை. அந்த வட்டத்தில் உட்கார்ந்து மழை, மாட்டு விலை, அனிசெத்தோவின் மருமகன் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு, தட்டை ஐஸில் வைத்துக்கொண்டு கிளம்புவார்.

இந்தக் கதை நடக்கிற வருடக் கடைசியில் இர்மாவுக்குப் பணி ஓய்வு. நவம்பரில் மார் தெல் பிளாதாவில் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் நிறைவுரை நீங்கள்தான் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். இர்மா வெளியே, “எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு முன்னாடி தூங்க ஒரு ஆள் வேணும், அதான்” என்று சொன்னாலும், உள்ளுக்குள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லை. ஓஸ்வால்தோவும் இல்லை. விட்டுவிட்டுப் போக இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான்: நொதி குமிழிலேயே குடியிருக்கிறது. கடைசியாக ஒரு முறை, முன்னைவிடச் சுத்தமாகக் குமிழ்களைப் பிரித்து, யாரும் வாய் திறக்க முடியாதபடி காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான் ஆசை.

செப்டம்பரில் செய்து பார்த்தார். நொதி இல்லை.

இல்லை என்றால் சுத்தமாக இல்லை. வெட்டுப்பட்ட வால்களை எண்ணுகிற பொறி, வெறும் தண்ணீருக்கு என்ன எண் காட்டுமோ அதைக் காட்டியது. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. இர்மா தண்ணீரை மாற்றினார், குமிழ்களைப் பிரிக்க ஊற்றும் சர்க்கரைக் கரைசலை மாற்றினார், உப்பை மாற்றினார். எதுவும் தேறவில்லை. மாற்ற வேறொன்றும் இல்லாமல் போனதும் லாஸ்திரியைப் பிடித்துக்கொண்டார்.

“என் சுழற்சிப் பொறியில உன் எலியைப் போட்டு ஓட்டுனியா?”

“அது உன் பொறியா? அரசாங்கத்தோடது.”

“உள்ள மூக்கை விட்டுப் பாரு. எலி நாத்தம்.”

“விருந்தாளி கிளம்பிட்டான் போல இருக்கு இர்மா. சொல்லிட்டாவது போனானா?”

இர்மா திரும்பி உட்கார்ந்து கழுவிய குழாய்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். லாஸ்திரி பக்கத்தில் போய் நின்று துடைக்கத் துணி எடுத்தார். அவருக்குத் துடைக்கத் தெரியாது. இரண்டு குழாய் உடைந்தது.

இந்தக் கலவரத்தில் இன்னொரு துக்கத்தை இர்மா சரியாகக் கவனிக்கவில்லை. வெட்டும் கூடத்துக்கு ஆகஸ்டில் புதிதாக ஒரு கால்நடை ஆய்வாளர் வந்திருந்தார். மாரீசா ஹெப் என்று பெயர், சின்ன வயது, சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர். வந்த முதல் வாரமே கூடத்துக்குள் மாதே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அனிசெத்தோ அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லை. மண்டையைப் பிளப்பார், மூளையை எடுத்து இர்மாவின் ஐஸ் பெட்டியில் நேராக வைப்பார், அடுத்த மண்டைக்குத் திரும்பிவிடுவார். “இது என்ன அநியாயம், மனுஷன் வாயைக் கட்டறது” என்று இர்மாவும் ஒத்து ஊதிவிட்டு, தொண்டை காய்ந்தபடி பஸ் ஏறுவார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய் மாரீசாவுக்குத் தலைநகரில் ஏதோ பயிற்சி. கூடத்தில் பூனை இல்லை. அனிசெத்தோ உடுப்புக்குள்ளிருந்து வெந்நீர்க் குடுவையை வெளியே எடுத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அன்று வட்டம் இரண்டு மாதக் கடனையும் சேர்த்து நீண்டது. மருமகன் கதையே பாதி நேரத்தைத் தின்றது. தட்டு வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தது.

வியாழக்கிழமை பகலில் எண்ணும் பொறி எண்ணி முடித்தது. இர்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“எத்கார்தோ! வந்துட்டான்! ஓடியா, வந்துட்டான்!”

லாஸ்திரி ஓடி வந்து எண்ணைப் பார்த்தார். பழைய நாட்களைவிடவும் இரண்டு பங்கு இருந்தது. அவர் முகத்தில் வந்தது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது. தன் கட்சி தோற்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட எதிர்க்கட்சி உலகத்தில் கிடையாது.

“என்ன பண்ணே? எதைச் சரி பண்ணே?”

“ஒண்ணுமே பண்ணல. அதே தண்ணி, அதே உப்பு. உன் எலி நாத்தம்கூட அப்படியேதான் இருக்கு. செவ்வாய்க்கிழமை போனேன், அந்த சிடுமூஞ்சி இல்ல, அனிசெத்தோ மாதே போட்டாரு, உக்காந்து குடிச்சோம், எல்லாம் முன்ன மாதிரியே…”

இர்மாவின் கை தானாகப் போய் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தது. உட்கார்ந்தார்.

லாஸ்திரிக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது. எலி மூளையை அவர் எடுத்த கையோடு ஐஸில் போடுகிறவர். இருபது வருடமாக இர்மாவின் மூளைகள் மட்டும் துணிக்கடியில், சூட்டோடு, ஒரு மாதே வட்டம் முடியும்வரை காத்திருந்தன. செத்துக்கொண்டிருக்கிற மூளை அது. அந்தக் காத்திருப்பில்தான் நொதி எங்கிருந்தோ வந்து குமிழில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் இர்மா தன் கட்டுரைகளில் எல்லாம் ‘மூளை உடனடியாக ஐஸில் வைக்கப்பட்டது’ என்றுதான் எழுதியிருந்தார். பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் மாதே குடிக்கிற நேரத்தை யாரும் நேரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

லாஸ்திரி போய் மாதே போட வெந்நீர் வைத்தார். பிறகு இந்த நேரத்திலா மாதே என்று தோன்றியிருக்க வேண்டும், அடுப்பை அணைத்தார்.

“தற்செயலா இருக்கும். இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்.”

“கிண்டல் பண்ணு எத்கார்தோ.”

“எதுக்கு?”

“நீ கிண்டல் பண்ணலன்னா எனக்கு பயமா இருக்கு. அவ்வளவு மோசமான்னு தோணுது.”

அவர் பண்ணவில்லை. நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் வேறொன்று சொன்னார். “நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நவம்பர்ல பழைய படங்களைக் காட்டிப் பேசு. டிசம்பர்ல வீட்டுக்குப் போ. எவன் மாதே குடிச்சிட்டு மாட்டு மூளை அரைக்கப் போறான், கண்டுபிடிக்க?”

இர்மாவுக்கு வந்ததே கோபம். இருபது வருடத்தில் லாஸ்திரி சொன்ன அத்தனை கேலியும் அந்த ஒரு பரிவுக்கு முன்னால் பூமாலையாகத் தெரிந்தது. “வாயை மூடு” என்று சொல்லிவிட்டு, மேல் கோட்டைக்கூட எடுக்காமல் அந்தக் காற்றில் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சமையலறையில் உட்கார்ந்து அழுதார். ஓஸ்வால்தோ இருந்தால், “ஏண்டி, மாட்டுக்கே கவலையில்ல, உனக்கென்ன” என்றிருப்பார். அதை நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த செவ்வாய்க்கு இரண்டு தட்டு வேண்டும் என்று முடிவு செய்தார்.

அனிசெத்தோவிடம் விஷயத்தைச் சொல்வது சபையில் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“என் மாதே மேலயா பழியப் போடுறீங்க டாக்டரம்மா?”

“உங்க மாதே மேல இல்ல, டான் அனிசெத்தோ. தட்டைக் கவனிக்காத என் புத்தி மேல.”

“இத்தனை வருஷமா நான் ஊத்திக் குடுத்துக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லப் போறீங்க.”

“ஊத்திக் குடுத்துக் கண்டுபிடிக்க வச்சீங்கன்னு சொல்றேன். இன்னிக்கு ஒரு தட்டு நேரா ஐஸுக்கு. ஒரு தட்டு வழக்கம் போலத் துணிக்கடியில. நடுவுல நீங்க மாதே போடணும். போடலன்னா சோதனையே இல்ல.”

அனிசெத்தோ மீசையைத் தடவினார். ஆய்வாளர் மாரீசா ஹெப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் மாதே முடியாது என்பதில் அவர் அசையவில்லை. ஆனால் ஆராய்ச்சி என்பதால் வாசலுக்கு வெளியே அனுமதிக்கலாம் என்றார். அனுமதித்ததோடு நிற்காமல், விதிமுறை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வையிட வட்டத்திலும் வந்து உட்கார்ந்தார். குடுவை அவர் பக்கம் வந்தபோது மறுக்கவில்லை. மூன்று சுற்றுக்கு அப்புறம் அனிசெத்தோவிடம், “இலை நல்லா இருக்கே, எந்தக் கடையில வாங்குறீங்க?” என்று கேட்டார். அனிசெத்தோ அவரை மன்னித்தது அந்தக் கேள்விக்குத்தான்.

ஐஸுக்கு நேராகப் போன தட்டில் நொதி இல்லை. காத்திருந்த தட்டில் இருந்தது. மறுவாரமும் அப்படியே. சந்தேகமில்லை. இர்மாவின் கட்சி தோற்றது. நொதி குமிழில் குடியிருக்கவில்லை.

இர்மா எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது லாஸ்திரி ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் எதையோ மறைத்து மறைத்துச் செய்துகொண்டிருந்தார். இர்மா கேட்கவும் இல்லை, அவர்மேல் இன்னும் கோபம்.

“என்ன இது?”

“என் எலி. எடுத்த மூளைய ஐஸ்ல போடாம, துணி போட்டு மூடிட்டு, தனியா உக்காந்து மாதே குடிச்சேன். தனியாக் குடிச்சா கேவலமா இருக்கு, தெரியுமா.”

“அதுக்கு?”

“பாரு. எலிக்கும் வந்துட்டான்.”

இர்மா அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். மாடு, எலி என்ற பேதமெல்லாம் இல்லை. செல் சாகத் தொடங்கினால் அந்த நொதி எங்கே இருந்தாலும் குமிழைத் தேடி வருகிறது. யார் வீட்டு மூளையாக இருந்தாலும் வருகிறது. இருபது வருடமாக இருவரும் கட்டிப் புரண்ட சண்டையில் இருவருக்குமே இது தெரியாமல் இருந்தது.

“இதையும் சேத்துக் காட்டு. என் பேரைப் போடாத. நான் எதிர்க்கட்சி” என்றார் லாஸ்திரி.

மார் தெல் பிளாதாவில் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அனிசெத்தோ, மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார். இர்மா சுற்றி வளைக்கவில்லை. இருபது வருடம் தான் சொன்னது தப்பு என்றார். ‘உடனடியாக’ என்று தான் எழுதியதற்குள் மழையும் மாட்டு விலையும் ஒரு மருமகனும் ஒளிந்திருந்தார்கள் என்றார். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இர்மாவுக்கு வலிக்காமல் இல்லை. நின்று வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு தட்டுகளைக் காட்டினார். எலியைக் காட்டினார், லாஸ்திரியின் பேரைப் பெரிதாகப் போட்டு. அப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரம் வந்தது. எப்போதும் போல முதலில் எழுந்தவர் லாஸ்திரி. பரிவு காட்டித் திட்டு வாங்கியது போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். குரலில் பழைய குசும்பு திரும்பியிருந்தது.

“அப்போ இந்தச் சபையிலேயே நான் அன்னிக்குச் சொன்னதுதானே, டாக்டர் சுபெல்தியா? அழையா விருந்தாளிதானே அவன்?”

கூடம் இர்மாவைப் பார்த்தது.

“இல்ல, டாக்டர் லாஸ்திரி” என்றார் இர்மா. “கல்யாண வீட்டுக்குத்தான் அழைச்சாப் போகணும். சாவு வீட்டுக்குக் காதுல விழுந்தாலே போதும், கிளம்பி வரணும். இவன் அப்படி வந்தவன். கையில இருக்கற பிஸ்கட் பையை எங்க வைக்கறதுன்னுகூடத் தெரியாம வந்து நின்னவரை எனக்குத் தெரியும். நாள் முழுக்கக் கோப்பை கழுவினாரு. அவரைப் போய் அழையா விருந்தாளின்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்.”

கூடத்தில் பாதிப் பேருக்கு அது என்ன பிஸ்கட் என்று புரியவில்லை. தலைவர் மணியைப் பார்த்துவிட்டு, டாக்டர் லாஸ்திரிக்கு இன்னொரு கேள்வி உண்டா என்று கேட்டார். அவருக்கு எந்தக் கூட்டத்திலும் இரண்டாவது கேள்வி இல்லாமல் இருந்ததில்லை. அன்று அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கோட்டு நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.